நடுவில் பதினோரு நாள்

மேலாளர் அவர்களுக்கு,
மண்டபம் வடக்குத் துறைமுகத்திலிருந்து
ஐஸ் உடைக்கும் நம்புராணி எழுதுவது.

உங்கள் குறுஞ்செய்தி வந்தபோது
கையெல்லாம் ஐஸ் ஈரம்.
ஈர விரலுக்கு போன் திறப்பதில்லை.
சேலைக்கு மேல் போட்ட சட்டையில்
துடைத்துத் துடைத்துத் திறந்தால்
'வருந்துகிறோம்' என்றிருந்தது.
எதற்கு என்று அதில் இல்லை.

போனில் பேசிய பெண் பெயர் கேட்டாள்.
நம்பு என்றேன்.
என்ன மேடம்?
நம்பு, நம்பு.
நம்புறேன் மேடம், பேர் சொல்லுங்க என்றாள்.
பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
தெருவுக்கு நாலு நம்பு உண்டு, அம்மன் பெயர்.
அவளுக்குத் தெரிய நியாயமில்லை.

ராமநாதபுரம் கிளைக்குப் பஸ் ஏறி வந்தேன்.
கண்ணாடி போட்ட அம்மா
கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.
ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரை
ஒரு ரூபாய் வரவில்லை.
வருஷா வருஷம் அதே இடத்தில்
பல் விழுந்த ஈறுபோல ஒரு வெள்ளை.

ஐயா, அது மீன் முட்டையிடும் மாதம்.
அறுபத்தொரு நாள் விசைப்படகு கட்டிக்கிடக்கும்.
அரசாங்கமே கடலைப் பூட்டும்போது
நான் யாருக்கு ஐஸ் உடைக்க?
அந்த வெள்ளையில்தான்
இறாலுக்குக் கால் முளைக்கிறது.
மிச்ச மாதத்து வரவெல்லாம்
அங்கேயிருந்து நீந்தி வருவது.

ஸ்கோர் மைனஸ் ஒன்று என்றும் சொன்னார்.
பூஜ்ஜியம்கூட இல்லை.
கடனே வாங்காதவர்களுக்கு அப்படித்தான் வருமாம்.
வாங்காமல் என்ன?
தண்டலில் பத்தாயிரம் என்று எழுதி
எட்டரையைக் கையில் வாங்கி
நூறு நாளில் அடைத்திருக்கிறேன், ஆறு தடவை.
அதற்கும் ஒரு அட்டை உண்டு.
நூறு கட்டத்திலும் டிக் விழுந்த அட்டை.
உங்கள் கம்ப்யூட்டருக்குள் அது போகாதாம்.

நானும் கடன் கொடுக்கிறவள்தான்.
ஐஸை.
உங்களைப் போல வண்டியைத் தூக்கிவர முடியாது,
சுவரில் நோட்டீஸ் ஒட்ட முடியாது.
படகு கரைக்கு வருவதற்குள்
நான் கொடுத்தது தண்ணீராகிக்
கடலோடு போயிருக்கும்.
இல்லாத பொருளுக்குத்தான் பணம் கேட்கிறேன்.
கொடுக்கிறார்கள்.

மறைக்க விரும்பவில்லை:
போன கார்த்திகையில் சேசடிமைக்கு
இல்லை என்று சொல்லிவிட்டேன்.
பழைய பாக்கி ஏறிப்போயிருந்தது.
போனவன் திரும்ப வந்தான்,
டோக்கன் கையில், மீன்பெட்டி காலி.
மெஷின் பக்கம் நின்றான், ஒன்றும் கேட்கவில்லை.
வாடைக்காற்று.
தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டினான்,
மறுபடி அவிழ்த்தான்.
மறுபரிசீலனை என்ற சொல்
அன்றைக்கு எனக்குத் தெரியாது.
"சரி, ஏத்து" என்றேன்.
நாலு கட்டி.
இன்னும் அறுநூறு தரவேண்டும்.
தருவான். தராமலும் போகலாம்.

கார்டு எனக்கு நகைக்கடைக்கு இல்லை.
தடைக்காலத்தில்தான் மெஷினுக்குப் பல் மாற்ற முடியும்.
கோயம்புத்தூர்க்காரர்
கார்டு இருந்தால் உடனே அனுப்புகிறேன் என்கிறார்.
ஐம்பது நாள் வட்டியில்லை என்றாள் போன் பெண்.
உங்கள் ஐம்பதுக்கும் எங்கள் அறுபத்தொன்றுக்கும் நடுவில்
பதினோரு நாள்.
அதை நான் பார்த்துக்கொள்கிறேன்,
கம்மல் இருக்கிறது.
ஐம்பதை நீங்கள் பாருங்கள்.

விசாரிக்க ஆள் அனுப்பினால்
போன தடவைபோல
வீடு பூட்டியிருக்கிறது என்று எழுதிப் போகவேண்டாம்.
வீட்டில் என்ன வேலை எனக்கு?
படகு கிளம்பும் நாளாகப் பார்த்து
துறைமுகத்துக்கு வரச் சொல்லுங்கள்.
மூன்றாவது கொட்டகை, நீலத் தார்ப்பாய்.
மெஷின் ஓடும்போது கூப்பிட்டால் காதில் விழாது,
கையை ஆட்டட்டும்.
தரை வழுக்கும்.
செருப்பைக் கழற்றிவிட்டு வருவது நல்லது.